உயிரோடு இருந்த பெருமாள் அண்ணாச்சி

செய்தி காலையில் போனில் வந்தது. பேசியது மதினி, அண்ணாச்சியின் மனைவி. அழவில்லை. “கொழுந்தனாரே, அவுக போயிட்டாக” என்றார். காப்பி ஆற்றிக்கொண்டு வந்து எழுப்பியிருக்கிறார், எழுந்திருக்கவில்லை. பிறகு, “எல்லாருக்கும் நீங்களே சொல்லிருங்க. அந்தப் பேச்சு என்னால பேச முடியாது” என்றார். எந்தப் பேச்சு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

முதலில் சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டேன். லேபிளிலிருந்து பேப்பர் விளம்பரம் வரை எல்லாவற்றையும் வருஷக்கணக்காக அண்ணாச்சியிடமே கொடுத்தவர்.

“பெருமாள் அண்ணாச்சி தவறிட்டாக.”

“எந்தப் பெருமாளு?”

“நம்ம தங்கப்பெருமாள் அண்ணாச்சி.”

“என்ன சுந்தரம், காலங்காத்தால வெளையாடுறியா? அவுக போயி ரெண்டு மூணு வருசம் ஆச்சுல்ல?” என்றார்.

அடுத்து சாத்தூரில் ஒரு கடைக்காரர். அவர் இன்னும் மரியாதையாகப் பேசினார். “அப்படியா, நினைவு நாளா? எங்கன வச்சிருக்கீக? மதியச் சாப்பாடு உண்டா?”

அன்று காலை நான் பேசியவர்களில் பெரும்பாலானவர்களிடம் ஒரு சாவைச் சொல்ல முடியவில்லை. இத்தனை நாள் அவர் உயிரோடுதான் இருந்தார் என்பதை முதலில் சொல்லி, அதை அவர்கள் நம்பிய பிறகு, இப்போது இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது. சிலர் முதல் பாதியிலேயே சிரித்துவிட்டார்கள். அச்சு, விளம்பரத் தொழில் சங்கத்தின் இந்த இதழைப் படிக்கும் உங்களிலும் பலர் அவருக்காக ஏற்கெனவே ஒருமுறை உச்சுக்கொட்டி முடித்தவர்கள்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். இதழாசிரியர் ஒரு பக்கம் போதும் என்றார். எனக்குப் போதாது.

தங்கப்பெருமாள் அண்ணாச்சியும் சண்முகராஜ் என்பவரும் சேர்ந்து சிவகாசியில் ஒரு விளம்பர ஏஜென்ஸி தொடங்கினார்கள். அதன் பெயரை எழுத மாட்டேன். இப்போது அதை நடத்துகிறவர்களுக்கு ஓசியில் விளம்பரம் கொடுக்க எனக்கு மனமில்லை. சண்முகராஜ் கணக்கைப் பார்த்தார். அண்ணாச்சி ஆட்களைப் பார்த்தார். வேலாயுதம் என்பவர் படம் வரைந்தார். நான் வாசகம் எழுதினேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். கடையில் பொட்டலம் மடித்துத் தரும் பேப்பரையும் தீப்பெட்டியில் ஒட்டிய லேபிளையும் படித்துத் தமிழ் கற்றவன். வேலை கேட்டுப் போனபோது அண்ணாச்சி என்னிடம் சான்றிதழ் கேட்கவில்லை. “கடைசியா என்ன தப்புப் பண்ணுன?” என்று கேட்டார்.

“நான் தப்பே பண்ணுனதில்ல அண்ணாச்சி.”

“அப்ப இதான் மொதத் தப்பு. பொய் சொல்ற. நாளையிலருந்து வா.”

தப்பு என்ற சொல்லை அவர் சொல்லும்போது அது திட்டுப்போல இருக்காது. ஒருவருடைய ஊரைச் சொல்வதுபோலச் சொல்வார். தீபாவளி முடிந்து அடுத்த சீசனுக்கு ஆர்டர் பிடிக்கிற நாட்களில் எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போவார். மற்ற ஏஜென்ஸிக்காரர்கள் ஆளுக்கொரு பதவியைச் சொல்லி அறிமுகப்படுத்துவார்கள். இவர் தப்பைச் சொல்லி அறிமுகப்படுத்துவார். விஸ்வநத்தத்தில் மேலே சொன்ன முதலாளியிடம் அவர் எங்களைக் காட்டிப் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

“இவரு வேலாயுதம், ஆர்ட்டிஸ்டு. முருகன் படத்துல ஒரு கைக்கு ஆறு வெரல் போட்டவரு. ஆறுமுகம்னா வெரலும் ஆறுன்னு நெனச்சிட்டாரு. இவன் சுந்தரம், வாசகம் எழுதுறவன். ‘எங்கள் வெடியை ஒருமுறை கேட்டவர்கள் வேறெதையும் கேட்கமாட்டார்கள்’னு எழுதுனான். கடையில வந்து கேக்குறதச் சொல்றதா இவன் நெனப்பு. காது போயிரும்னு படிச்சிட்டாக சனங்க. இவரு சண்முகராஜ், எம் பார்ட்னரு. விளம்பரத்துல போன் நம்பரத் தப்பாக் குடுத்தாரு. சாத்தூர்ல ஒரு அம்மா வீட்டுக்குச் சீசன் பூராவும் போன். கடேசியில அந்தம்மாவே ஆர்டர் எடுக்க ஆரம்பிச்சிட்டாக.”

முதலாளி சிரித்துக்கொண்டே, “நீங்க?” என்றார்.

“நான் தங்கப்பெருமாள். காலண்டர்ல தீபாவளிய ஒரு நாள் தள்ளி அடிச்சவன். சிவகாசியில தீபாவளி எப்பன்னு தெரியாத ஒரே ஆளு. இந்தத் தப்பெல்லாம் இனி ஒங்களுக்கு வராது அண்ணாச்சி. வந்தா புதுசாத்தான் வரும்.”

திரும்பும்போது வண்டியில் சண்முகராஜ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். “ஊரெல்லாம் எம் மானத்த வாங்குறீகளே” என்றார். அதற்கு அண்ணாச்சி சொன்னதை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன்: “பதவியச் சொன்னா நாம வாசல் தாண்டுறதுக்குள்ள மறந்துருவாக. தப்பச் சொன்னா மறப்பாகளா?” அந்த முதலாளி மறக்கவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் காதைத் தொட்டுக் காட்டுவார். அவர்தான் அன்று காலை என்னிடம் விளையாடுகிறாயா என்று கேட்டவர்.

நடந்தது விளங்கவேண்டுமானால் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். உங்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். காலண்டர் அட்டையிலோ கடைப் பையிலோ கல்யாணப் பத்திரிகையிலோ மேலே முட்டை வடிவத்தில் ஒரு வட்டம் போட்டு, பின்னால் ஒளிக்கதிர் விட்டு, உள்ளே ஒருவர் படத்தை வைத்தால் அவர் காலமாகிவிட்டார் என்று பொருள். இருக்கிறவர்கள் கீழே கட்டத்துக்குள் இருப்பார்கள், அல்லது படமே இல்லாமல் பெயர் மட்டும் இருக்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. எழுத்துத் தெரியாதவர்கூட அந்த வட்டத்தைப் பார்த்ததும் கும்பிட்டுவிடுவார்.

அந்த வட்டத்தை அண்ணாச்சி போல மதித்தவரை நான் பார்த்ததில்லை. ஒரு கோடையில் பட்டாசு யூனிட் ஒன்றில் வெடித்து, வேலைக்குப் போன பெண்கள் பலர் இறந்தார்கள். எல்லாரையும் சேர்த்து ஒரே போஸ்டராகப் போடவேண்டும் என்று ஊர்க்காரர்கள் வந்தார்கள். பாதிப் பேருக்குப் படமே இல்லை. வாக்காளர் அட்டையிலிருந்தும், யாருடைய கல்யாணத்திலோ கூட்டத்தோடு நின்ற படத்திலிருந்தும் முகத்தை வெட்டி எடுத்தோம். வந்தவர்கள் சொன்ன பெயர்களை அண்ணாச்சி அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே போனார். ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் வேறு மாதிரி இருந்தது என்றார். அந்த வீட்டுப் பெண் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், இறந்துவிட்டதாக யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள், வீட்டில் நேரில் பார்த்தவர் யாருமில்லை. அச்சு மெஷினில் பேப்பர் ஏறி நிற்கிறது. ஊர்க்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள். அண்ணாச்சி மதுரைக்கு ஆளனுப்பினார். அந்த ஆள் வார்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்யும் வரை மெஷினை ஓட்டவிடவில்லை. அந்தப் பெண்ணுக்கு மூச்சு இருந்தது. அவள் படத்தை அவரே கத்தியால் நறுக்கி எடுத்தார்.

“வட்டத்துக்குள்ள ஒருத்தர ஏத்துறதுக்கு முந்தி கண்ணால பாத்துட்டு வரணும்லே. ஏத்துனவுகள எறக்குறது லேசுப்பட்ட காரியமில்ல” என்றார். அந்தப் பெண் பிழைத்தாள். கைகள் மட்டும் பழையபடி ஆகவில்லை.

சண்முகராஜ் மாரடைப்பில் போன பிறகு அவருடைய மகன் பிரபு பொறுப்புக்கு வந்தான். சென்னையில் படித்து, அங்கே ஒரு பெரிய ஏஜென்ஸியில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை. அண்ணாச்சியை மாமா என்று கூப்பிடுவான். அந்தச் சமயம் பார்த்து அண்ணாச்சி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். விருதுநகரில் சூலக்கரைப் பக்கம் அவர் வீடு. கட்டிலோடு கிடந்து, பிறகு கம்பு ஊன்றி வாசல் வரை நடந்து, அப்படியே மாதங்கள் போயின. சிவகாசிப் பக்கம் அவரை யாரும் பார்க்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரைக் கொஞ்ச நாள் காணவில்லையென்றால் போதும், மீதியை ஊர் தானாக நிரப்பிக்கொள்கிறது.

பிரபு புதிதாகத் தலைமைக் குழு என்று ஒன்றை அமைத்தான். நிர்வாக இயக்குநர், கிரியேட்டிவ் ஹெட், மார்க்கெட்டிங் ஹெட் என்று ஐந்து பேர். அவர்களை வாடிக்கையாளர்களுக்கு அறிமுகப்படுத்த ஒரு கையேடு, இணையத்தில் ஒரு பக்கம், ஏஜென்ஸியின் காலண்டரிலும் அதே படங்கள். வாசகம் சென்னையிலிருந்து வந்தது. என்னைக் கேட்கவில்லை. என் படம் அதில் இல்லை. அந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று யாராவது சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கிற அன்று அண்ணாச்சியையும் வரச்சொல்லிக் கார் அனுப்பினார்கள். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் நெடுநாளாகப் பார்க்கவில்லை. புதுச் சட்டை போட்டிருந்தார். “நம்மளையும் கூப்பிட்டிருக்கான் பாத்தியா” என்றார். போட்டோக்காரர் கம்பை ஓரமாக வைக்கச் சொன்னார், அண்ணாச்சி நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். “சிரிங்க சார்” என்றபோது, “எதுக்குன்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன சிரிப்போம்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எடுத்த படம் அது.

காலண்டர் வந்தது. கீழே ஐந்து கட்டம், ஐந்து பேர், ஒவ்வொரு பெயருக்குக் கீழும் பதவி. மேலே இரண்டு முட்டை வட்டம், பின்னால் பொன்னிறக் கதிர். ஒன்றில் சண்முகராஜ். இன்னொன்றில் அண்ணாச்சி. ‘எங்கள் நிறுவனர்கள்’ என்று ஒரு வரி. அந்தக் காலண்டர் விஸ்வநத்தத்திலிருந்து சாத்தூர் வரை எத்தனை ஆபீஸ்களில் தொங்கியது என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் சுவரிலும் தொங்கியது. தினம் ஒரு தாளைக் கிழித்தீர்கள். அவருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர்கூட அவர் வீட்டுக்குப் போன் செய்து கேட்கவில்லை. செத்தவர் வீட்டுக்குப் போன் செய்து என்னவென்று கேட்பது?

முதலில் அண்ணாச்சி அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். “பயலுக்கு ஒரு தப்புக் கெடைச்சிருச்சுலே. இனி அவன எங்கன கூட்டிக்கிட்டுப் போனாலும் சொல்லி அறிமுகப்படுத்தலாம்” என்றார். சாத்தூரிலிருந்து வேறொரு கடைக்காரர், நல்ல மனுஷர், காலண்டரைப் பார்த்துவிட்டு ரோஜா மாலையோடு துக்கம் கேட்க வந்துவிட்டார். கதவைத் திறந்தது அண்ணாச்சி. வந்தவருக்கு வாய் குழறிவிட்டது. அப்போது நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

“வாங்க, வாங்க. கொண்டாந்தது கொண்டாந்துட்டீக, கழுத்துலயே போட்டுருங்க. படத்துக்குப் போட்டா எனக்கு மணக்கவா போகுது?”

மதினி உள்ளே இருந்து, “அந்த மாலைய வாசப்படி தாண்டி உள்ள கொண்டாராதீக!” என்று கத்தினார். அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் இடுப்பு வலித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அதோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டு இருந்திருப்பேன். ஆனால் கல்யாணப் பத்திரிகைகள் நின்றுபோயின. வந்த ஒன்றிரண்டிலும் மதினியின் பெயர் மட்டும் இருந்தது. அவருக்கு இடுப்பு, அதனால் வரமாட்டார் என்று நினைத்து எழுதியிருப்பார்கள் என்று மதினி சமாதானம் சொல்லிக்கொண்டார். அப்படிப்பட்ட ஒரு கல்யாணத்துக்கு மதினி தனியாகப் போனார். வாசலில் குங்குமத் தட்டோடு நின்ற பெண், மதினி கையை நீட்டியதும் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். யாரோ ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், “புருசன் போயும் பூவும் பொட்டுமாத்தான் வர்றாக பாரு” என்றது மதினியின் காதில் விழுந்தது. சண்டை போடுகிறவர் இல்லை மதினி. பந்தியில் உட்காராமல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, நெற்றியைத் துடைக்கவா வேண்டாமா என்று தெரியாமல் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறார்.

அன்று அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். குரலில் விளையாட்டு இல்லை. “ஏலே சுந்தரம், ஒரு காரப் பிடி. சிவகாசி போகணும்.”

ஆபீஸில் பிரபு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். “வாங்க மாமா. ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேன்ல?”

“எந்த வண்டி? அமரர் ஊர்தியா?”

பிரபு பாதி சிரித்து நிறுத்திக்கொண்டான். அண்ணாச்சி சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றித் தரச் சொன்னார். மேஜைமேல் வைத்தார்.

“இது யாரு?”

“நீங்கதான் மாமா.”

“எங்கன இருக்கேன்?”

“மேல. அப்பா பக்கத்துல.”

“ஒங்கப்பா எங்க இருக்காரு?”

பிரபு காலண்டரைத் தன் பக்கம் திருப்பினான். தலைமைக் குழுவில் இரண்டு பேர் கதவோரம் வந்து நின்றார்கள். பிரபு, “மரியாதையாத்தான் மாமா வச்சோம். அப்பாவும் நீங்களும் ஒரே சைஸ்ல, ஒரே மாதிரி இருக்கணும்னு நான்தான் சொன்னேன். டிசைன் பண்ணுனவர் மெட்ராஸ்காரர், அவருக்கு இந்தப் பக்கத்து வழக்கம் தெரியல” என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அவருக்குத் தெரியாது, சரி. டவுசர் போட்ட வயசுல அச்சாபீசுல உக்காந்து அந்த முட்டைய வெட்டி வெளையாடுனவன், ஒனக்குமா தெரியாது?” என்றேன்.

“நீ சும்மா இருலே” என்று அண்ணாச்சி என்னை அடக்கினார். பிரபுவிடம் திரும்பி, “பேசுறதுக்கு ஒண்ணுமில்லப்பா. கீழ இவுக கூட ஒரு கட்டத்துல என்னையப் போட்ரு. அம்புட்டுத்தான்” என்றார்.

“போடலாம் மாமா. ஆனா கட்டத்துல போட்டா பேருக்குக் கீழ ஒரு போஸ்ட் போடணும். நீங்க இப்ப ஆபீஸ் வர்றதில்ல. என்னன்னு போடுறது?”

“ஒண்ணும் வேண்டாம். ‘இருக்கிறார்’னு போடு.”

கதவோரம் நின்ற ஒரு பையன் சிரித்துவிட்டான். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அண்ணாச்சி வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துவிட்டான். அவர் வேடிக்கை பேசவில்லை. தலைமைக் குழு என்று அவர்கள் அச்சடித்த அந்தப் பக்கத்தில், நிர்வாக இயக்குநர் என்பதற்கும் மார்க்கெட்டிங் ஹெட் என்பதற்கும் நடுவில் அந்த ஒரு சொல்லுக்கு இடம் கேட்டார். தன் பெண்டாட்டி நெற்றியில் பொட்டோடு நாலு பேர் நடுவில் நடக்கவேண்டும் என்பதற்காகக் கேட்டார். அதைக்கூட அவர் அங்கே சொல்லவில்லை.

“சரி மாமா. இந்த வருசம் அடிச்சுக் குடுத்தாச்சு. அடுத்த காலண்டர்ல கண்டிப்பா மாத்திருவோம்” என்று சொல்லி பிரபு குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

மாற்றினார்கள். அடுத்த காலண்டரில் ஒரே ஒரு முட்டை வட்டம்தான் இருந்தது, நடுவில் சண்முகராஜ். கீழே அதே ஐந்து கட்டம், அதே ஐந்து பேர். அண்ணாச்சி மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. நான் போனபோது காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு தேதித் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். “என்ன பாக்குறீக?” என்றேன். “உள்ள எங்கனயாவது இருக்கனான்னு பாக்கேன்” என்றார். அன்றே ஆபீஸுக்குப் போய் பிரபுவிடம் கேட்டேன். மாமாதான் எடுத்துவிடச் சொன்னார் என்றான். அவர் எடுக்கச் சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். இதை அச்சில் வரட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். நான் அன்றைக்கே வேலையை விட்டேன். நிற்கச் சொல்லி யாரும் கையைப் பிடிக்கவில்லை.

பிரபு தெரியாமல் செய்துவிட்டான், பிறகு சங்கடத்தில் விட்டுவிட்டான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மதினியே அப்படித்தான் சொல்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தெரியாமல் ஏற்றியவன் தெரிந்த பிறகு இறக்கியிருக்கவேண்டும். அவன் இறக்கவில்லை, அழித்துவிட்டான்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி யாரையும் யாருக்கும் அறிமுகப்படுத்தி நான் பார்க்கவில்லை. கண் ஆபரேஷனுக்காக மதுரைக்கு அழைத்துப் போயிருந்தேன். நர்ஸ் பெயர் கேட்டாள், சொன்னார். ஊர் கேட்டாள், சொன்னார். என்ன தொழில் என்றாள். அவர் என்னைப் பார்த்தார். ஊருக்கே பேசிய மனுஷர், ஒரு நர்ஸ் கேட்டதற்குப் பதில் தெரியாமல் என்னைப் பார்த்தார். நான், “விளம்பர ஏஜென்ஸி வச்சிருக்காக” என்றேன். “வச்சிருந்தாகன்னு சொல்லு” என்றார் அண்ணாச்சி.

அடக்கத்துக்கு வந்தவர்கள் குறைவு. தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள், வேலாயுதத்தின் மகன். தொழிலிலிருந்து, விரல் விட்டு எண்ணவும் ஆளில்லை. போஸ்டர் ஒட்டியிருந்தோம். நின்று படித்த ஒருவர், “வருசந்தோறும் ஒட்டுறாக, நல்ல குடும்பம்” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

பிரபு வந்தான். தலைமைக் குழுவும் வெள்ளைச் சட்டையில் வந்தது. நான் எழுந்து போய்விட்டேன் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். போகவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன், அவ்வளவுதான். மதினி அவர்களை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு பிரபுவிடம், “தம்பி, வீட்ல மாட்டுறதுக்கு அவுக போட்டோ நல்லதா ஒண்ணு இல்ல. நீங்க எடுத்தீகள்ல, சிரிச்சாப்புல, அது இருக்குமா?” என்று கேட்டார்.

என்ன சொல்ல? மதினி கேட்டதில் தப்பில்லை. அவருக்கு அந்த முகம் வேண்டும். வேறு எதிலும் அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் சட்டம் போட்டு வந்துவிட்டது. முட்டை வட்டம், பின்னால் பொன்னிறக் கதிர் எல்லாம் அப்படியே. அவர்களுக்கு அதில் வேலையே இல்லை, தயாராக இருந்தது. இப்போது சூலக்கரை வீட்டில் கூடத்தில் மாட்டியிருக்கிறது. போகும்போதெல்லாம் மதினி அதற்கு எதிரேதான் எனக்கு நாற்காலி போடுகிறார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருகிறேன்.

அந்தப் படம் எனக்கு வேண்டாம். ஊர் அவரை இல்லை என்று சொன்ன அந்த வருஷங்களை நான் வைத்துக்கொள்கிறேன். அதற்கு வேறு யாரும் பங்கு கேட்டு வரப்போவதில்லை. அந்த வருஷங்களில் அவர் டாக்டர் சொல்லைக் கேட்காமல் சாத்தூர் சேவு தின்றார். கேபிள்காரனோடு தெருவில் நின்று சண்டை போட்டார். ஆபரேஷன் முடிந்து கண்கட்டு அவிழ்த்ததும் என்னைப் பார்த்து, “ஏலே, நீ இம்புட்டுக் கெழவனாவா இருந்த?” என்றார். செல்போன் வாங்கிய பிறகு தினமும் காலையில் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு போய்விட்டதென்று திட்டுவார். ஒருநாள் மழையில் நனைந்துகொண்டே கம்பு ஊன்றி என் வீட்டுக்கு வந்து, வந்த காரியத்தை மறந்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். உங்கள் சுவர்களில் தாள் கிழிந்துகொண்டிருந்தது. அத்தனை நாளும் அவர் இருந்தார்.